கடலோரப் பயணத்தில் ஜெபம் விட்டுப்போகாமல் இருக்க: இராமநாதபுரம் பக்கம் வருவோருக்கு

வீட்டில் ஜெபத்துக்கு ஒரு மூலை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, கூப்பிட ஆள் இருக்கிறார்கள். ரயில் ஏறியதும் மூன்றும் போய்விடும். முதல் நாள் "போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். இரண்டாம் நாள் அலைச்சல். மூன்றாம் நாள் நினைப்பே வராது. ஊர் திரும்பிய பிறகும் பழைய வழக்கத்தைப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். ஜெப வழக்கத்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இது இன்னும் சிரமம், ஏனென்றால் அவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது கொஞ்சம்தான்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம், தெற்கே மூக்கையூர் என்று இந்தக் கரைக்கு வருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., மற்ற சபையார் எல்லோருக்கும் பெரும்பாலும் பொருந்தும். முறை மாறும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்: அளவைக் குறையுங்கள்

பயணத்தில் வழக்கம் உடைவதற்கு முக்கியக் காரணம், வீட்டில் செய்யும் 40 நிமிடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதுதான். 40 நிமிடம் கிடைக்காது. கிடைக்காததால் 5 நிமிடமும் செய்யாமல் விடுகிறோம். ஆகவே ஊரில் இருக்கும்போதே மூன்று அளவுகளை முடிவு செய்துவிடுங்கள்.

கைப்பிடி அளவு: 5 நிமிடம். கர்த்தர் கற்பித்த ஜெபம், ஒரு சிறிய சங்கீதம், பெயர் சொல்லி மூன்று பேருக்காக மன்றாட்டு. காய்ச்சல் வந்தாலும், பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் இது நடக்க வேண்டும். இதற்குப் புத்தகமே தேவைப்படக் கூடாது. சங்கீதம் 121 எட்டே வசனம், 23 ஆறு வசனம், 117 இரண்டே வசனம். இதில் ஒன்றை இந்த ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தால் பயணத்தில் பாதி வேலை முடிந்தது.

நடு அளவு: 15 முதல் 20 நிமிடம். ஒரு வாசகம், கொஞ்ச நேர அமைதி, ஜெபம். கத்தோலிக்கருக்கு ஒரு ஜெபமாலை.

முழு அளவு: வீட்டில் செய்வது போல. ஒரு வாரப் பயணத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம்.

இந்தக் கைப்பிடி அளவை வீட்டிலேயே மூன்று நாள், ஜெப மூலையை விட்டுவிட்டு, வேறு எங்காவது செய்து பாருங்கள். மொட்டைமாடி, பஸ் நிறுத்தம், ஆபீஸ் வண்டி என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இடம் மாறினால் நாக்கு தடுமாறும். அந்தத் தடுமாற்றம் ஊரிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

அடுத்தது, நேரம். "காலை ஐந்தரைக்கு" என்று கடிகாரத்தில் கட்டாதீர்கள். பயணத்தில் கடிகாரம் நம் கையில் இல்லை. எப்படியும் நடக்கப்போகிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: முதல் டீக்கு முன், செருப்பு மாட்டுவதற்கு முன், படுக்கை விரிப்பதற்கு முன். டீ எந்த ஊரிலும் உண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்

இந்தக் கரையின் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். பையை அதற்கேற்பக் கட்டவேண்டும்.

பெரிய குடும்ப வேதாகமத்தைக் கொண்டுவர வேண்டாம். மெல்லிய தாள், உப்புக்காற்று பட்டால் இரண்டே நாளில் அலை அலையாக நெளிந்துவிடும். சங்கீதம் சேர்ந்த கையடக்கப் புதிய ஏற்பாடு போதும். அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். உறை இரண்டாக இருக்கட்டும். ஒன்று கட்டாயம் கிழியும்.

ஜெபமாலை நூலில் முடிந்ததாகவோ நைலான் கயிற்றில் கோத்ததாகவோ இருக்கட்டும். மெல்லிய இரும்புக் கம்பிச் சங்கிலி துருப்பிடித்து, கண்ணி விரிந்து, மணி உதிரும். அலுமினியம், வெள்ளி பரவாயில்லை. மாலை தொலைந்தால் பத்து விரல் இருக்கிறது: ஒரு பத்துமணிக்கு, அதாவது ஜெபமாலையின் ஐந்து பகுதிகளில் ஒன்றான பத்து மணிகளுக்கு, பத்து விரல், கணக்கு சரி.

பேனாவை விடப் பென்சில் நல்லது. வியர்வைக் கை பட்டால் மை பரவும். 40 பக்க நோட்டு ஒன்று, உட்கார ஒரு பழைய துண்டு, சின்ன டார்ச், காதில் மாட்டும் ஒயர் இயர்போன். புளூடூத் இயர்போன் என்றால் சார்ஜ் தீரும், மணலில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

போனில் வேதாகமச் செயலி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: இறக்கி வைத்துவிட்டோம் என்று நம்புவது. செயலி இறங்கியிருக்கும், மொழிபெயர்ப்பு இறங்கியிருக்காது. கிளம்பும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, செயலியை மூடித் திறந்து, மூன்று வெவ்வேறு புத்தகங்களில் ஒவ்வொரு அதிகாரம் திறந்து பாருங்கள். ஒலி வாசகம் வேண்டுமென்றால் அதையும் இதேபோல் ஓட்டிப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னலை நம்பி எதையும் வைக்க முடியாது. கத்தோலிக்கர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றதில் தோபித்து, சீராக் போன்ற நூல்கள் இருக்காது. அன்றைய முதல் வாசகம் அங்கிருந்து வந்தால் தேடித் தேடிச் சலிப்பீர்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும்

சென்னையிலிருந்து வருவது ராத்திரி ரயில் என்றால், குடும்ப ஜெபத்தை ஒன்பது மணிக்கே முடியுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், நடுப் படுக்கையை மாட்டிவிட்டால் நான்கு பேர் நிமிர்ந்து உட்காரவும் முடியாது. குரல் எதிர் இருக்கைக்குக் கேட்டால் போதும். பாட்டு வேண்டாம். பெட்டியில் எல்லோரும் யாத்திரைக்காரர்கள்தான், அவரவர் சாமியை நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எதையும் ரயிலில் கொளுத்தக் கூடாது.

காலையில் இராமநாதபுரம் தாண்டியதும் ஜெபமாலை சொல்ல இதைவிட வசதியான தண்டவாளம் கிடையாது. இராமநாதபுரத்திலிருந்து வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப், மண்டபம், பாம்பன் என்று வரும். எண்ணிப் பாருங்கள்: இடையில் ஐந்து இடைவெளி. இடைவெளிக்கு ஒரு பத்துமணி. பாம்பனிலிருந்து இராமேஸ்வரம் வரை முடிவு ஜெபங்களான "வாழ்க அரசியே", மாதா பிரார்த்தனை. ஒரு பத்துமணிக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். மண்டபம் கேம்ப்புக்கும் மண்டபத்துக்கும் இடையே தூரம் குறைவு, அங்கே மட்டும் கொஞ்சம் பின்தங்குவீர்கள். எல்லா ரயிலும் எல்லா ஊரிலும் நிற்காது. மஞ்சள் பலகை கண்ணில் பட்டாலே கணக்குக்குப் போதும்.

ஐந்தாவது பத்துமணி கடல்மேல் வரும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம், பெட்டியே எழுந்து ஜன்னலுக்கு ஓடும், குழந்தைகள் கத்துவார்கள். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடிவாதமாக முணுமுணுக்க வேண்டியதில்லை. கடலைப் பாருங்கள், பாலம் தாண்டியதும் முடியுங்கள். வாசலில் மட்டும் நிற்காதீர்கள். காற்று கடுமையாக இருந்தால் பாலத்துக்கு முன்னேயே ரயிலை நிறுத்திவைப்பதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் அந்தக் காத்திருப்பை நடு அளவு ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாளுக்கு எந்த மறைபொருள் (ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கும் நிகழ்வுகள்) என்று புதியவர்கள் குழம்புவார்கள். திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்கள் 2002இல் சேர்ந்தவை, பழைய ஜெபப் புத்தகத்தில் இருக்காது. நோட்டின் அட்டையில் எழுதிவைத்துவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் வருபவர்கள் புத்தகத்தைத் திறக்காதீர்கள். எழுத்தைப் பார்த்துக்கொண்டே குலுங்கினால் தலைசுற்றி வாந்தி வரும். பஸ்ஸில் ஒன்று மனப்பாடம், இல்லையென்றால் காதில் ஒலி வாசகம். மாற்கு நற்செய்தி 16 அதிகாரம். ஒலி வாசகத்தில் கேட்டால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், மதுரையிலிருந்து வரும் வழியிலேயே கேட்டு முடிக்கலாம். வண்டி ஓட்டுபவருக்கு இயர்போன் வேண்டாம். கைப்பிடி அளவு ஜெபத்தைக் கிளம்பும் முன் வண்டியை நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டு ஓட்டட்டும்.

தங்கும் இடத்தில்

இராமேஸ்வரம் லாட்ஜில் தங்கினால் விடியற்காலை நான்கு மணி அமைதியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் நான்குக்கே எழுந்து வாளி உருட்டுவார்கள், மோட்டார் ஓடும், நடைபாதையில் ஆளை ஆள் கூப்பிடுவார்கள். அதை அலாரமாக வைத்துக்கொண்டு எழுந்து குளித்து முடியுங்கள். எல்லோரும் கோயிலுக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் போன பிறகு, ஐந்தேகாலிலிருந்து ஏழு வரை, லாட்ஜ் காலியாக இருக்கும். முழு அளவு ஜெபத்துக்கு அந்த ஊரில் கிடைக்கும் நல்ல நேரம் அதுதான்.

ஒரே அறையில் குடும்பமாகத் தங்கும்போது ஜெபத்தை நீட்டிக்கொண்டே போகும் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் நல்லவர்தான், ஆனால் மூன்றாம் நாள் பிள்ளைகள் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். பத்து நிமிடம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், நடத்துபவர் நாளுக்கு ஒருவராக மாறட்டும். பாட்டு ஒரே ஒரு சரணம். சுவர் மெல்லியது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. மெஸ்ஸில் மேசையைப் பகிர்ந்து உட்காருவோம், இலை போட்டதும் பரிமாறிவிடுவார்கள், வெட்கமும் சேர்ந்துகொள்ளும். இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், யாரையும் காக்கவைக்காது. தவக்காலத்தில் வருபவர்களுக்கு இந்த ஊர் உதவியாகவே இருக்கும்: கோயிலைச் சுற்றியுள்ள ஓட்டல்கள் பெரும்பாலும் சைவம்.

ஞாயிறு வந்தால்

பயணத்தின் தேதியைக் குறிக்கும்போதே ஞாயிறு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கத்தோலிக்கருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறுக் கடனைத் தீர்க்கும். ஞாயிறு முழுக்க ரயிலில் இருக்க வேண்டி வந்தால் சனி மாலையைத் தேடுங்கள். இரண்டுமே இயலாத பயணம் என்றால், கிளம்பும் முன் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். விலக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு.

இராமநாதபுரம் மாவட்டப் பங்குகள் 1987இல் தொடங்கிய சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சி.எஸ்.ஐ. சபைகள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் வரும். இணையத்தில் கிடைக்கும் பூசை நேரத்தை நம்பி ஆட்டோ பிடிக்காதீர்கள். திருவிழா, தவக்காலம், பங்குத்தந்தை மாற்றம் என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும். கோயில் வாசல் பலகை சரியாக இருக்கும். அதைவிடச் சரியாக இருக்கும் எதிர் டீக்கடை. கேட்கும்போது மூன்றாகக் கேளுங்கள்: "நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு? இந்தக் கோயில்லயா, கிளைப்பங்குலயா? சாமி (பங்குத்தந்தை) ஊர்ல இருக்காரா?" இரண்டாவது கேள்வியை விடுபவர்கள்தான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள். ஒரே பங்குத்தந்தை பல ஊர்களைப் பார்த்துக்கொள்வார். உங்கள் கண்ணுக்குத் தெரியும் பெரிய கோயில் கிளைப்பங்காக இருக்கலாம், அன்று அங்கே உபதேசியார் நடத்தும் ஜெபம் மட்டும் இருக்கலாம்.

நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது. கணக்கு பூசை தொடங்கும் நேரத்துக்கு அல்ல, நன்மை வாங்கும் நேரத்துக்கு. ஆறு மணிப் பூசையில் நன்மை எப்படியும் ஆறரைக்கு மேல்தான். ஐந்தேகாலுக்கு டீ குடித்தவர் தயங்க வேண்டியதில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சி.எஸ்.ஐ. சபைகளில் திருவிருந்து எல்லா ஞாயிறும் இருக்காது. பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு. உங்கள் சபை அருகில் இல்லை என்று கத்தோலிக்கக் கோயிலுக்குள் போய் உட்காருவதில் தவறில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். நன்மை வாங்க வரிசையில் போக மட்டும் வேண்டாம், இருக்கையிலேயே இருந்து ஜெபியுங்கள். கத்தோலிக்கர் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனாலும் இதே முறைதான்.

கடலோர ஊர்க் கோயில்களில் பலவற்றில் செருப்பை வெளியே விடுவார்கள். வாசலில் செருப்புக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அறிவிப்பு. பெண்கள் முந்தானையோ துப்பட்டாவோ தலைக்குப் போடுவார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போகவேண்டாம்.

கரையில் உட்கார்ந்து ஜெபிக்க

கடற்கரையில் ஜெபிக்கலாம் என்று ஆசையோடு வருவார்கள். பத்தாவது நிமிடத்தில் கண்ணில் மணலோடு எழுந்துவிடுவார்கள். எந்தக் கரை என்று பார்க்காமல் போனதுதான் காரணம். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை தென்கரை இரைச்சல், வடகரை அமைதி. வாடை அடிக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை நிலைமை மாறும். தீவில் தங்கினால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான், காற்று எங்கே அடிக்கிறது என்று பார்த்து மறுபக்கம் போங்கள்.

ஆண்டு முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டியே எழும், ஆறு மணியை ஒட்டியே இறங்கும். மூவேளை ஜெபம் சொல்பவர்களுக்குக் கடிகாரமே வேண்டாம்.

உட்காரும் இடம்: படகுகள் ஏறும் இடத்திலும் கருவாடு காயும் களத்திலும் வேண்டாம். அது அவர்கள் வேலை செய்யும் இடம். விரித்த வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். ஊரை ஒட்டிய கரையில் அதிகாலையில் காலைக்கடன் கழிப்பவர்களும் இருப்பார்கள், ஆகவே எந்தப் பக்கம் போகலாம் என்று அங்கே ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது. பல ஊர்களில் கரையிலேயே குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) இருக்கும். அந்தத் திண்ணையில் உட்காருங்கள், முதுகுக்குச் சுவர், தலைக்கு நிழல்.

மெழுகுவர்த்தி ஏற்ற ஆசைப்பட்டால் சிரட்டையில் பாதி மணல் போட்டு அதில் நட்டு, குருசடி மாடத்துக்குள் வையுங்கள். படகின் மறைவில் வைக்கவே கூடாது. காற்று மறையும் என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் டீசல் கேன் இருக்கும், நைலான் வலை இருக்கும். ஒரு பொறி பட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு உருகிப்போகும்.

கரையில் வாசிக்க ஆறு நாளுக்கு ஆறு பகுதி. முதல் நாள் சங்கீதம் 107, வசனம் 23 முதல் 32 வரை. இரண்டாம் நாள் மாற்கு 4:35-41. மூன்றாம் நாள் லூக்கா 5:1-11. இதைத் தங்கச்சிமடம் கரையில் வாசியுங்கள், இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் வலையை அலசுவது என்றால் என்ன என்று எதிரிலேயே தெரியும். நான்காம் நாள் மத்தேயு 14:22-33. ஐந்தாம் நாள் அப்போஸ்தலர் 27, கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் திருத்தூதர் பணிகள். 44 வசனம், கொஞ்சம் நீளம்; வடகிழக்குப் புயற்காற்று, எறியப்பட்ட சரக்கு, பின்பக்கம் இறக்கிய நான்கு நங்கூரம் என்று ஒரு படகுக்காரர் கேட்டால் தலையாட்டும்படி எழுதப்பட்ட அதிகாரம். ஆறாம் நாள் யோவான் 21, அதுவும் காலைப் பசிக்கு முன்.

யாத்திரையாகவே வருபவர்களுக்கு

ஓரியூர், திருவாடானை வட்டத்தில், கடலிலிருந்து சற்று உள்ளே. அருளானந்தர் என்று தமிழில் அழைக்கப்படும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அன்று சாம்பல் புதன். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருவிழாவும் பிப்ரவரி 4ஐ ஒட்டியே. அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போவது வழக்கம். ஒரு தேக்கரண்டி போதும், காகிதத்தில் மடித்து உறையில் போடுங்கள், ஈரமாக எடுத்தால் பையெல்லாம் கறை. பஸ் அடிக்கடி இருக்காது, இறங்கியதுமே திரும்பும் பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு அருகே வேதாளை. இத்தாலியரான இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி 1549இல் இங்கே கொல்லப்பட்டார். சாலையில் போகிறபோது ஊர்ப்பலகை பார்த்து ஒரு பரலோக மந்திரம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில், ஜூலை 25ஐ ஒட்டித் திருவிழா. பல மதத்தாரும் வருவார்கள், தேர் அன்று அறை கிடைப்பது கடினம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த கிறிஸ்தவக் கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. மரித்தவர்களுக்காக ஜெபிக்க ஏற்ற இடம், ஆனால் கூரை இல்லை, பத்து மணிக்கு மேல் நிழல் இல்லை, படம் எடுப்பவர்கள் கூட்டம். காலையிலேயே போங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், செருப்பைக் கழற்றினால் மணல் சுடும். ஐந்து நிமிடம் நின்று ஜெபித்தால் போதும். சுவரில் ஏறாதீர்கள், கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள், கடலில் இறங்காதீர்கள். பொழுது சாயும் முன் வண்டிகள் திரும்பிவிட வேண்டும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மாசி, பங்குனி வாக்கில், இரண்டு நாள். நினைத்தவுடன் போகமுடியாது. இராமேஸ்வரத்தில் விழா ஏற்பாட்டைக் கவனிக்கும் பங்கில் முன்பே பெயர் பதிந்து, அடையாள அட்டை கொடுத்து, குறிப்பிட்ட படகில் மட்டுமே போகலாம். தீவில் யாரும் குடியில்லை, குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், கெட்டுப்போகாத சாப்பாடு, போர்வை, தொப்பி. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி. மறுநாள் காலை திருப்பலி முடிந்ததும் படகு. அன்று தனி ஜெபத்துக்குத் திட்டமே போடாதீர்கள், அங்கே நடப்பதில் கலந்துகொள்வதே போதும். படகில் குமட்டல் வருபவர்கள் முந்தின இரவு குறைவாகச் சாப்பிட்டு, தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி உட்காரவும். புத்தகம் கூடவே கூடாது. சில ஆண்டுகள் இந்தியப் பக்கத்திலிருந்து பயணமே நடக்காது: 2021இல் கொரோனா, 2024இல் மீனவர்களின் புறக்கணிப்பு. ஆகவே இதை மட்டுமே நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால்

பாக்கியைச் சேர்த்துக் கட்ட முயலாதீர்கள். நேற்று விட்ட வாசகம், முந்தாநாள் விட்ட ஜெபமாலை என்று சேர்த்தால் இன்றைக்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது, நாளைக்குக் கணக்கு இன்னும் ஏறும். விட்டதை விட்டுவிட்டு இன்றைய கைப்பிடி அளவிலிருந்து தொடங்குங்கள். வாசிப்புத் திட்டச் செயலி "தொடர்ச்சி அறுந்தது" என்று காட்டினால், பயணம் முடியும் வரை அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு அதிகாரம் என்று போக விரும்பினால் நீதிமொழிகள் சுலபம்: 31 அதிகாரம், இன்று என்ன தேதியோ அந்த அதிகாரம். எந்த நாள் விட்டாலும் எங்கே விட்டோம் என்று தேடவேண்டாம்.

ஊர் திரும்பியதும்

வந்த அன்றே உறையைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுங்கள். உப்புப் படிந்த தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூஞ்சை அதில்தான் பிடிக்கும். அட்டையை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தாளில் ஈரத்துணி படக்கூடாது. புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் தாள் மஞ்சளாகி ஒட்டு விட்டுப்போகும். நெளிந்த பக்கங்களுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, மேலே கனமான எதையாவது இரண்டு நாள் வைத்தால் ஓரளவு நேராகும். செய்தித்தாள் வைத்தால் மை இறங்கும். ஜெபமாலையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி நிழலில் தொங்கவிடுங்கள். வேதாகம உறையின் உலோக ஜிப் இறுகியிருந்தால் பழைய மெழுகுவர்த்தித் துண்டால் பல்லின்மேல் தேய்த்து, நாலு தடவை இழுத்து மூடுங்கள், ஓடத் தொடங்கும்.